வளைக்குள் ஒரு சிலம்பி



சிலந்திக்குப் பழந்தமிழில் சிலம்பி என்றொரு பெயருண்டு. சிலம்புதல் என்றால் ஒலித்தல். இரண்டும் ஓசையால் மட்டும் நெருங்கிய சொற்கள் என்று வகுப்பிலே கடந்து போவதே என் வழக்கம். ஆனால் மெய்யாகவே ஒலியெழுப்பும் சிலந்தி உண்டு. அதனை உலகறியச் செய்ததில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கும் பங்குண்டு. 1870களில், அஸாமில் பீல் என்ற தோட்டத்துரை கண்டெடுத்த பெரிய மயிர்ச் சிலந்தியைக் கல்கத்தா அருங்காட்சியகத்து வூட்-மேசன் ஆராய்ந்து எழுதினார். வாயருகே உள்ள விறைத்த மயிர்களை உரசி, சீறுவதுபோல் அது ஒலிக்கும். அதே பேரினத்தைச் சேர்ந்த சிலந்திகள் நம் நாட்டிலும் மண்ணைத் தோண்டி வாழ்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை டரன்டியூலா என்பர்.

திருவானைக்காவில் ஈசனுக்கு மேலே நூற்பந்தர் இழைத்து, பின் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்த சிலந்தியைப் பெரியபுராணத்தால் நாம் அறிவோம். அது மேலே கட்டிய சிலந்தி. நான் பேச வந்தது கீழே தோண்டுகிற சிலந்தியைப் பற்றி.

கொஸ்லந்தையில் என் மாணவன் ஒருவன், தேயிலைக்கு முள்ளுக் குத்திய இடத்தில் வெளிப்பட்ட ஒன்றைப் பிடித்து, பழைய கண்ணாடிப் போத்தலில் வளர்த்தான். பத்தாம் ஆண்டுப் பையன். முக்கால் போத்தல் ஈரமண், ஒரு சோடாமூடியில் தண்ணீர், கிழமைக்கு ஒரு வெட்டுக்கிளி. அவ்வளவுதான் செலவு. அவன் மண்ணை ஆழமாக இட்டது சரியே. இவ்வினத்துக்கு வளை இல்லாவிட்டால் நிம்மதியில்லை. வளைவாயில் நூல் பரப்பி, அதன் அதிர்வைக் காலால் உணர்ந்தே இரை வந்ததை அறியும். பகலில் முகங்காட்டாது. கையில் எடுத்துக் கொஞ்சவும் கூடாது: கடி கடுமையாக வலிக்கும், தவறி விழுந்தால் அதன் வயிறு வெடித்துவிடும். தொடவும் முடியாது, பார்க்கவும் கிடைக்காது, இப்படியொரு செல்லப்பிராணி! நாய்க்குட்டி வளர்ப்போர் சிரிப்பார்கள்.

அவனுடைய தாய் சிரிக்கவில்லை. "மண்ணுக்குள்ள போறது நம்ம வீட்டுக்கு எதுக்கு சேர்?" என்று என்னிடமே கேட்டார். 2014 ஒக்டோபர் 29 காலை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் இரவு மழை பிடித்தால் இன்றும் பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டிலே, மண்ணுக்குள் போவதையே பாதுகாப்பாகக் கொண்ட ஓர் உயிர்.

ஏழாம் கிழமை சிலந்தி உண்ண மறுத்தது. பிறகொருநாள் மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டதென்று தாய் ஈர்க்குமாறை எடுத்தார். பையன் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் பிடிவாதந்தான் அதைக் காத்தது; ஏனெனில் இவை தோலுரிப்பது மல்லாந்துதான். அந்நேரம் தொட்டால் முடிந்தது கதை. சில மணி நேரத்தில் பழைய தோல் ஒருபுறமும், வெளிறிய புதுச்சிலந்தி மறுபுறமுமாய்க் கிடந்தன. விறைக்கும்வரை அதற்கு இரை போடவும் கூடாது.

வளர்ப்பை நான் ஊக்குவிக்கவில்லை, நேயர்களே. நம் காடுகளின் அழகிய மரச்சிலந்திகள் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்தப்பட்டதால்தான், 2019 ஜெனீவா மாநாட்டில், இலங்கையும் சேர்ந்து முன்மொழிய, அவற்றின் வணிகம் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. காசுக்குப் பிடிப்பவனையும் இந்தப் பையனையும் ஒரே தராசில் வைக்க மட்டும் எனக்கு மனமில்லை.

உரித்த தோலை நெருப்புப்பெட்டியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்தான். விஞ்ஞான ஆசிரியர் அதை நனைத்து விரித்து, உருப்பெருக்கியால் பார்த்துப் பெண் என்றார். ஆண் பருவமெய்திய பின் நெடுநாள் இராது. பெண்ணோ பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். இதைத் தாயிடம் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணினார். சாதாரண தரம், உயர்தரம், அதன்பின் கொழும்பில் வேலை.

"அப்ப இவன் போன பொறகு வெட்டுக்கிளி நானா புடிக்கணும்?" என்றார்.

மறுநாள் மாலை பையனும் தாயுமாகப் போத்தலைத் தூக்கிக்கொண்டு, அதைப் பிடித்த மண்திட்டுக்குப் போனார்கள். குழியைத் தோண்டிக் கொடுத்தது தாய்தானாம்.