ஒரு பல்லும் ஏழு வருஷமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

போன வருஷம் கோலப்போட்டிப் பரிசு வாங்கத்தான் இந்த மேடை ஏறினேன். இந்த வருஷம் பேசச் சொல்லிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சட்டம் படிக்கலை. ஆனா மூணு வருஷத்துக்கு மேல கோர்ட்டு வாசல்ல நின்னவ. அங்க தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்லப்போறேன்.

எனக்குப் பொறந்த ஊரும் வாக்கப்பட்ட ஊரும் ஒரே ஊராட்சிதான். அதனால விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 2021 தை மாசம், வரப்புத் தகராறுல என் தம்பி எங்க பெரியப்பா மகனை, எனக்கு அண்ணன் முறை, முகத்துல ஓங்கி ஒரு குத்து விட்டுட்டான். அண்ணனுக்கு முன்பல் உடைஞ்சுபோச்சு. அந்த அண்ணி இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். தம்பி செஞ்சது தப்பு. அதை மறைக்க நான் வரலை.

கையால அடிச்சதுதானே, சின்ன கேசுன்னு நினைச்சோம். ஆஸ்பத்திரியில கொடுத்த காயச் சான்றிதழ்ல பல் உடைஞ்சிருக்குன்னு இருந்துச்சு. சட்டத்துல சாதாரண காயம் வேற, கொடுங்காயம் வேற. கண் பார்வை போறது, காது கேட்காமப் போறது, எலும்பு முறியறதுன்னு கொடுங்காயத்துக்கு எட்டு வகை சொல்லியிருக்கு. எலும்போட பல்லையும் சேர்த்து வெச்சிருக்காங்க. கன்னம் வீங்கினதோட போயிருந்தா 323, அதிகபட்சம் 1 வருஷம். பல் உடைஞ்சதால 325, அதிகபட்சம் 7 வருஷம். அதே குத்துதான்.

இன்னொண்ணும் உண்டு. அன்னிக்கு அவன் அரிவாளைத் தேடித்தான் ஓடினான். எங்கம்மா அதைப் புடுங்கி வைக்கோல் போர்ல சொருகிட்டாங்க. அரிவாளால அதே பல் போயிருந்தா 326, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்னு வக்கீல் பிறகு சொன்னார். எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தம்பியை ரிமாண்ட் பண்ணினாங்க. 9 நாள் உள்ளே இருந்தான். அப்போ ஒருத்தர் வந்தார். கோர்ட்டுல எல்லாரையும் தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரியற ஆளு. "ஏழு வருஷம் நிச்சயம், நான் செக்‌ஷனைக் குறைச்சுத் தர்றேன்"னார். குழுவுல உள்கடன் வாங்கி 25,000 ரூபாய் கொடுத்தேன். அவர் ஒண்ணும் குறைக்கலை. குறைக்கவும் முடியாது. காயச் சான்றிதழ்ல இருக்கறதுதானே செக்‌ஷன்!

அந்த 7 வருஷம்னா என்னன்னு எங்களுக்கு யாரும் விளக்கலை. அது உச்ச வரம்பு. அதுக்கு மேல போடக்கூடாது, கீழே எவ்வளவு வேணாலும் போடலாம். வரதட்சணைச் சாவு மாதிரி சில குற்றத்துக்குத்தான் 7 வருஷத்துக்குக் குறையக்கூடாதுன்னு கீழ் வரம்பு இருக்கு. எங்க கேசுல அப்படி இல்லை. அதோட, எங்க வழக்கு நடந்த முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்துல 3 வருஷத்துக்கு மேல தண்டனை கொடுக்கவே அதிகாரம் கிடையாது. அதுக்கு மேல வேணும்னு அவர் நினைச்சா, தலைமை நீதித்துறை நடுவருக்குத்தான் அனுப்பணும். இது தெரிஞ்சிருந்தா எங்கம்மா அத்தனை ராத்திரி தூங்காம கிடந்திருக்க மாட்டாங்க. அந்த 25,000மும் மிஞ்சியிருக்கும்.

2023ல தீர்ப்பு வந்துச்சு. குற்றவாளின்னு சொல்லிட்டு, நீதிபதி ஐயா தம்பியைப் பார்த்து, "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"ன்னு கேட்டார். இவன் கையைக் கட்டிக்கிட்டு, "ஒண்ணுமில்லீங்கய்யா"ன்னான். ஐயா முன்னாடி வாயே திறக்கக்கூடாதுன்னு அந்தப் புரோக்கர் சொல்லி வெச்சிருக்கார். எங்க வக்கீலும் அன்னிக்கு வேற கோர்ட்டுல இருந்துட்டு ஜூனியரை அனுப்பியிருந்தார். 6 மாசம் சிறை, 1,000 ரூபாய் அபராதம். நாத்தனாவுக்கு... மன்னிக்கணும், அவன் பொண்டாட்டிக்கு அப்போ கைக்குழந்தை.

சகோதரிகளே, அந்தக் கேள்வி சும்மா கேட்கறது இல்லை. தண்டனை போடறதுக்கு முன்னாடி அதைக் கேட்கணும்னு சட்டமே சொல்லுது. இதுதான் முதல் வழக்கு, வயசு இன்னது, குழந்தை இருக்கு, கூலி வேலை செய்யறான், அடிபட்டவருக்கு வைத்தியச் செலவு கொடுக்கறோம், இதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொன்னா கட்டாயம் குறையும்னு நான் சொல்லலை. சொல்லாட்டி அவருக்கு எப்படித் தெரியும்?

மேல் முறையீட்டுக்காக அன்னிக்கே ஜாமீன் கொடுத்தாங்க. இந்தத் தடவை சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கதான் 1958ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் இருக்குன்னு சொன்னாங்க. சாவு தண்டனை, ஆயுள் தண்டனை வராத குற்றமா இருந்தா, ஜெயிலுக்கு அனுப்பாம நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டு விடலாம். அதாவது 325க்கு உண்டு, அரிவாள் கேசுக்குக் கிடையாது.

செஷன்ஸ் கோர்ட்டு நன்னடத்தை அலுவலர்கிட்ட அறிக்கை கேட்டுச்சு. அவர் வீட்டுக்கு வந்தார், அக்கம்பக்கத்துல விசாரிச்சார். எங்கம்மா குழுவோட தீர்மான நோட்டையும் கடன் கட்டின நோட்டையும் எடுத்துக் காட்டினாங்க. அவர் பொறுமையா புரட்டிப் பார்த்தார். 2024ல தீர்ப்பு. குற்றவாளிங்கறது மாறலை. ஆறு மாசம் மட்டும் போச்சு. ஒரு வருஷம் நன்னடத்தைப் பத்திரம், அண்ணனுக்கு 20,000 ரூபாய் இழப்பீடு. ஒருவேளை அவன் ஜெயிலுக்குப் போயிருந்தாலும், முன்னாடி இருந்த 9 நாளை 6 மாசத்துல கழிச்சிருப்பாங்க. அதுவும் சட்டத்துல இருக்கு.

அண்ணி என்கிட்ட சொன்னது: "அவன் உள்ளே போயிருந்தா எங்களுக்கு என்ன வந்திருக்கும்? இப்போ பல்லாவது கட்டினோம்." அண்ணன் இன்னும் தம்பிகிட்ட பேசறதில்லை. அதுக்கு எந்த கோர்ட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்போ சட்டம் மாறியிருக்கு. 1860ல எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கு. நம்பரெல்லாம் மாறிப்போச்சு, 325ன்னா இனிமே 117(2). சாதாரண காயத்துக்கு அபராதம் 1,000 வரைக்கும் இருந்தது, இப்போ 10,000 வரைக்கும். 5,000 ரூபாய்க்குக் கம்மியான திருட்டு, முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா, ஜெயிலுக்குப் பதிலா சமுதாய சேவை. நம்பிக் கொடுத்த பணத்தைக் கையாடினா முன்னே 3 வருஷம், இப்போ 5 வருஷம் வரைக்கும். இதைச் சொல்லும்போது பொருளாளருங்க யாரும் என்னை முறைக்கக்கூடாது! ஆனா, குற்றம் நடந்த தேதியில எந்தச் சட்டம் இருந்துச்சோ அதுக்கு மேல தண்டனை கொடுக்க முடியாது. அதனால பழைய கேசு இருக்கறவங்க புது நம்பரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமா வக்கீல் கொடுப்பாங்க. காவலில் இருக்கறவங்களுக்கும் உண்டு. போன் நம்பர் 15100. பேனா இருக்கறவங்க நோட்டு அட்டையில எழுதிக்கோங்க. என் உள்கடன்ல இன்னும் நாலு தவணை பாக்கி இருக்குன்னு செயலாளர் அக்கா சைகை காட்டறாங்க, சாப்பாடும் ரெடியாம்.