நடைபாதையும் நம் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும் வரவு செலவையும் வாசித்தார்கள். அவற்றில் இடம்பெறாத ஒரு கணக்கைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச அனுமதி வேண்டுகிறேன். நம் மஹல்லாவில் வீட்டு வாசலைத் தாண்ட இயலாதோர் எத்தனை பேர் என்பதே அது.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் தமையனாரைச் சக்கர நாற்காலியில் முதன்முறையாக ஜும்ஆவுக்கு அழைத்து வந்தேன். பள்ளிவாசலை நெருங்கியதும் நடைபாதை முழுவதும் இரு சக்கர வண்டிகள். சாலையில் இறங்கி, பேருந்துகளுக்கு நடுவே நாற்காலியைத் தள்ளினேன். வீடு திரும்பியதும், “இனி வேண்டாம் தம்பி, வீட்டிலேயே தொழுதுகொள்கிறேன்” என்றார். முந்தைய வாரம் வரை அந்த வரிசையில் என் வண்டியும் நின்றது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 1.64 விழுக்காடு. 2001-இல் இத்தொகை ஏறத்தாழ 16.4 இலட்சம். இடையில் நாலரை இலட்சம் பேர் நலம் பெற்றுவிடவில்லை. கணக்கிடும் வரையறைதான் மாறியது. உலக சுகாதார நிறுவனமோ, உலகில் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறை உண்டு என்று 2022-இல் அறிவித்தது. மூட்டுவலியால் படியேற இயலாத நம் முதியோரை எண்ணிப் பார்த்தால் அது மிகையாகத் தோன்றாது.

ஏட்டளவில் குறையில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது; 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-இல் திறக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தைப் பேருந்து நிலையத்துடன் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-இல் மின்தூக்கியுடன் வந்தது. ஆயினும், அங்கே போய்ச் சேர முதலில் நம் தெருவைக் கடக்க வேண்டுமே! மயிலாப்பூராயினும் அடையாறாயினும், உட்தெரு நடைபாதையை மின்பெட்டியும் கடைப்பலகையும் வண்டியும் துண்டாடுகின்றன.

நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 நெறிமுறை. குறுக்கே நிறுத்தும் ஒரு வண்டியின் நீளமே ஏறத்தாழ 2 மீட்டர். மாநகராட்சி முழு அகலத்தில் கட்டித் தந்தாலும் ஒரே வண்டியால் அதை நாம் அடைத்துவிட முடியும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஜும்ஆ நேரத்தில் நடைபாதையைக் காலியாக வைக்க இளைஞர் நால்வரை நியமியுங்கள். இரண்டாவது, நம் வாயிலில் சாய்வுதளம் அமையுங்கள். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி; நம் ஒன்றரை அடிப் படிக்குப் பதினெட்டடி வேண்டும். செருப்பு அடுக்கை இடம் மாற்றினால் அவ்விடம் கிடைத்துவிடும். மூன்றாவது, வெளியே வர இயலாதோரின் பட்டியலை வீடு வீடாகச் சென்று தயாரியுங்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது நற்செயல் என்று மதரஸாவில் நமக்குக் கற்பித்தார்கள். கல்லையும் முள்ளையும் நினைத்துக்கொண்டோம். நம் வண்டியை நினைக்கவில்லை. அடுத்த ஆண்டறிக்கையில் அந்தச் சாய்வுதளத்தின் செலவுக் கணக்கும் இடம்பெற வேண்டும் என்பதே என் விருப்பம்.