ஓர் அறை வீடும் ஒரு கைப்பேசியும்

தாராவியில் பல குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்கின்றன. அங்கு வளரும் இளைஞனுக்குத் தனக்கென உள்ள தனியிடம் கைப்பேசித் திரை ஒன்றே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகச் சரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே வகுப்பறையாகவும் ஆயிற்று. பள்ளிகள் திறந்த பின்னும் பலர் அதைக் கீழே வைக்கவில்லை.

இதனை உடனே நோய் என்று கூறிவிடலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மின்விளையாட்டுக் கோளாறுக்கு அது கூறும் இலக்கணம் கடுமையானது: கட்டுப்பாட்டை இழத்தல், பிற அலுவல்களைப் பின்தள்ளுதல், தீங்கு கண்டும் தொடர்தல், அதனால் படிப்போ பிழைப்போ பெரிதும் கெடுதல். இந்நிலை பொதுவாக ஓராண்டேனும் நீடித்திருத்தல் வேண்டும். இத்தனை மணி நேரம் என்ற வரம்பு அதில் இல்லை. பெற்றோர் எண்ணுவதோ மணியை மட்டுமே!

"வெளியே போய் விளையாடு" என்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கூறலாம், பூங்காக்கள் உண்டு. தாராவித் தாய் எங்கே அனுப்புவாள்? மும்பையில் இணையம் மலிந்தது, மண் மலியவில்லை.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆனால் பெற்றோரும் உடன்பிறந்தாரும் சூழ்ந்திருக்கும் அறையில் மனம் திறந்து பேசுவது எங்ஙனம்? மாநகராட்சிப் பள்ளிகளில் மாலை நேரத்தில் ஓர் அறையைத் திறந்து வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.