சீனியர் ஜாதியும் ஜூனியர் ஜாதியும்
(அம்பத்தூரில் பேசியதன் சாரம்)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் லேத்து ஓட்டுகிறவர்களும், டாங்கித் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் பெற்ற பிள்ளைகள் இன்று சர்வகலாசாலைக்குப் போகிறார்கள். பாட்டன் கைநாட்டு, பேரன் பட்டதாரி. இதில் நமக்குள்ள சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆனால் பிள்ளையை ரயிலேற்றி விட்டதோடு தகப்பன் வேலை தீர்ந்து விட்டதா என்பதுதான் இன்றைய விஷயம்.

பட்டணத்தில் படிக்கிற பையன் மாலையில் மின்சார ரயிலேறி வீட்டுக்கு வந்து விடுகிறான். எவனாவது அவனைச் சிறுமைப்படுத்தியிருந்தாலும் ராத்திரிச் சோறு தாய் கையால் கிடைக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலை அப்படியல்ல. 1920-ல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி 1929-ல் சர்வகலாசாலையான அது, மாணாக்கர் தங்கிப் படிப்பதற்கென்றே ஏற்பட்டது. ரயில் பாதைக்கு ஒருபுறம் கோவிலும் ஊரும், மறுபுறம் வகுப்பும் விடுதியும் சாப்பாட்டுக்கூடமும். படிப்பதும் அங்கே, தூங்குவதும் அங்கே. இதில் நன்மை மிகவுண்டு. பல ஜாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் தின்று ஒரே அறையில் படுத்தெழுந்தால், நாம் நூறு மேடை ஏறியும் ஆகாத காரியம் ஒரு வருஷத்தில் ஆகிவிடும். நெடுஞ்செழியன், அன்பழகன் முதலியோர் 1940-களில் அங்கே மாணாக்கராயிருந்தவர்கள்தான். 1965 ஜனவரி 27-ந் தேதி, இந்தி எதிர்ப்பில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான இராஜேந்திரனும் அங்கே படித்தவரே.

நிற்க. அவ்வளவு ரோஷமுள்ள இடத்திலேதான் ராகிங்கும் குடியிருந்தது. பேய் என்று சொல்லலாமென்றால், பேய் பொய், இதுவோ மெய்.

தோழர்களே! முதலாண்டுக்காரன் செய்த குற்றந்தான் என்ன? ஒரு வருஷம் பிந்திச் சேர்ந்தான், அவ்வளவுதானே! வருணாசிரமக்காரன் “நான் முகத்தில் பிறந்தேன்” என்கிறான். சீனியர் “நான் முந்திச் சேர்ந்தேன்” என்கிறான். தலை நிமிராதே, எதிரில் உட்காராதே, “சார்” என்று கூப்பிடு, என் துணியைத் துவை என்று எந்த விடுதியில் சொன்னாலும், நம் பாட்டனைத் துண்டை இடுப்பில் கட்டச் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சிநேகம் வளர்வதற்காகவென்று சில மேதாவிகள் சமாதானம் சொல்லுகிறார்கள். அப்படியானால் புதுப்பையன் சீனியரைத் தோப்புக்கரணம் போடச் சொல்லிச் சிநேகம் வளர்க்கட்டுமே! இங்கிலாந்தில் ஈட்டன் போன்ற பள்ளிகளில், சின்னப்பையன் பெரியவனுக்கு ஏவலாளாயிருக்கும் வழக்கமிருந்தது. அவர்களே அதை விட்டு விட்டார்கள். இதைவிட வேடிக்கை, இவ்வருஷம் துணி துவைத்தவனே அடுத்த வருஷம் துவைக்கச் சொல்லுகிறான். மாமியாரிடம் சூடுபட்டவள், தனக்கு மருமகள் வந்ததும் கரண்டியைக் காய்ச்சுகிற கதைதான்.

1996 நவம்பரில், அப்போது அச்சர்வகலாசாலையைச் சேர்ந்திருந்த மருத்துவக் கல்லூரியில், முதலாண்டு மாணவர் ஒருவரை சீனியர் ஒருவன் கொன்றான். இறந்தவர் ஒரு துணைவேந்தரின் மகன். துணைவேந்தர் மகனுக்கே அக்கதியென்றால், லேத்து ஓட்டுகிறவர் மகனுக்கு யார் காவல்? கீழ்க் கோர்ட்டு 1998-ல் தண்டித்தது, ஹைக்கோர்ட்டு 2001-ல் விடுதலை செய்தது, சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் மறுபடியும் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பெற்ற வயிறு அதுவரை காத்திருந்தது!

அக்கொலையை ஒட்டி 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கல்லூரியை விட்டும் நீக்கப்படுவான். புகாரைக் கவனியாமல் விடுகிற தலைமையாளரும் உடந்தையென்றே கருதப்படுவார். இவ்வளவு இருந்தும் சட்டம் ஏன் தூங்குகிறது? பையன் வாயைத் திறப்பதில்லை. திறந்தாலோ நாமே, “கொஞ்சம் பொறுத்துப் போடா, படிப்பு கெட்டுவிடும்” என்கிறோம். இந்தப் பொறுமையைத்தானே ஆயிரம் வருஷமாக நமக்குப் போதித்தார்கள்!

2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு செய்த விதிப்படி, பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளையிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி எழுதி வாங்குகிறார்கள். அக்காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 1800-180-5522 என்ற இலவச டெலிபோன் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் லீவுக்கு வந்ததும் மார்க்கு கேட்பதற்கு முன், “யாருக்காவது துணி துவைத்தாயா?” என்று கேளுங்கள். மறுவருஷம் வந்தால், “யாரையாவது துவைக்கச் சொன்னாயா?” என்று கேளுங்கள்.