பல்லின் வேரைக் காட்டும் படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல் போனால் சொல் போச்சு என்பது நம்மவர் பழமொழி. ஆயினும் நாம் பல் வைத்தியரை நாடுவது எப்பொழுது? இரவெல்லாம் உறங்கவிடாது பல் குத்தும்பொழுதுதான். அதுவும் பிடுங்குவதற்காகவே! இவ்வழக்கம் மாறல் வேண்டும் என்பதற்காகவே, பல்லை எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்கன் இக்கதிரைக் கண்டறிந்தார். 1896-இலேயே வால்கோப் என்னும் பல் வைத்தியர் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாது கிடந்தாராம். இன்றோ ஒரு நொடிகூட வேண்டியதில்லை.

படத்தால் பயன் யாது? கண்ணுக்குத் தெரிவது பல்லின் மேற்புறமே. இரு பற்களின் இடுக்கில் ஒளிந்த சொத்தை, வேர் நுனியில் சீழ் அரித்த குழி, எலும்பினுள் புதைந்த கடைவாய்ப் பல் ஆகியவற்றைப் படமே காட்டும். பல்லைத் தாங்கும் எலும்பு தேய்ந்திருப்பதையும் அதுவே காட்டும். மழை மண்ணை அரித்த தேயிலைச் செடியை நினைத்துப் பாருங்கள். மேலே பசுமை; அடியிலோ பிடிமண் இல்லை. ஈறுநோய் கண்ட பல்லும் அத்தகையதே.

இது நமக்குப் புறம்பான செய்தியன்று. 1970-இல் லோ என்னும் அறிஞரின் குழுவினர் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தனர். அவர்களிடம் சொத்தைப் பல் மிக அரிது. ஆயினும் நூற்றுக்கு 8 பேரிடம் ஈறுநோய் விரைந்து முற்றியது. 81 பேரிடம் படிப்படியாக வளர்ந்தது. 11 பேரே தப்பினர். 1986-இல் வெளியான இம்முடிவைப் பல நாட்டுப் பல் மருத்துவர்களும் படித்தனர். நம் தொழிலாளரின் வாயிலிருந்து உலகம் பாடம் கற்றது, நாம் கற்றோமா?

கதிரென்றதும் அஞ்சுவோர் உளர். ஓரிரு பற்களை எடுக்கும் சிறு படத்தின் கதிர், இயற்கையாக ஒரு நாளில் நம்மீது படும் அளவை ஒத்ததே. எனினும், தேவை கண்டு வைத்தியர் சொன்னால் மட்டுமே எடுத்தல் முறை. கருவுற்ற தாய்மார் அதனை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

படம் நோயைக் காட்டுமேயன்றி மாற்றாது. இரு வேளையும் பல் துலக்குவதும் வெற்றிலை புகையிலையை விடுவதும் நம் கடமை. இளைஞர்களே! ஈற்றில் இரத்தம் கசிகின்றதென்று வீட்டுப் பெரியவர் சொன்னால், பல் ஆடும்வரை காத்திராதீர்கள். கூலி போகுமே என்று அவர் தயங்கினாலும், நீங்களே கைபிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிடுங்கிய பல் மீண்டும் முளையாது.