எரிபொருள் கசிந்த நிலமும் நீர்மட்டமும்

சென்னை தண்டையார்பேட்டையில் 2013ஆம் ஆண்டு, நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தலைகாட்டியது. இத்தகைய இடங்களில் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, நீர்மட்டத்தையும் அதன்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனத்தையும் ஒருங்கே அளக்க வேண்டும். மாணவர்கள் இங்குக் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. பெட்ரோலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.75. கிணற்றில் 40 சென்டிமீட்டர் பெட்ரோல் நின்றால், அதன் எடை அடியிலுள்ள நீரை 30 சென்டிமீட்டர் கீழே அழுத்திவிடும். அதனைக் கூட்டிக்கொள்ளாமல் நீர்மட்டப் படம் வரைந்தால் நீரோட்டத்தின் திசையே பிழைபடும். மாசு எந்தத் தெருவின் கிணற்றை நோக்கி நகர்கிறது என்பதும் தெரியாமற்போகும்.

பருவமழை நாடாகிய நமக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. கோடையில் நீர்மட்டம் தாழும்போது எண்ணெயும் உடனிறங்கி மண்ணில் பற்றிக்கொள்கிறது. மழைக்குப் பின் நீர் ஏறினால் அது நீருக்கடியில் சிறைப்படும். கிணற்றில் படலம் மெலியும், சில வேளை மறைந்தும்விடும். அந்த ஓர் அளவை வைத்து, இடம் தூய்மையாயிற்று என்று கோப்பை மூடுவது அலுவலர்க்கு எளிது. ஆனால் மண்ணில் சிக்கிய எண்ணெயிலிருந்து பென்சீன் நீரில் கரைந்துகொண்டேயிருக்கும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நாவும் மூக்கும் அறிய இயலாத அளவு அது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. கசிவு நேர்ந்த இடத்திற்கு இது போதாது; மாதந்தோறும் அளக்க வேண்டும். கோடை இறுதியின் அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடலாகாது.