கையோடு மறையும் மொழிகள்

பேச்சுமொழியொன்று வழக்கொழிந்த பின்னும் அதன் பாடலோ பழமொழியோ எங்காவது ஓர் ஏட்டில் எஞ்சியிருத்தல் கூடும். கைகளாற் பேசப்படும் மொழிக்கு அந்தப் பேறும் இல்லை. கடைசிக் கை ஓய்ந்த அன்றே அதுவும் ஓய்ந்துவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் கீழைக் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் ஏறக்குறைய 5,700 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே செவிப்புலனற்றவராயிருந்தார். இத்தீவின் சில்மார்க் என்னும் ஊரிலோ 25 பேருக்கு ஒருவர் அவ்வாறிருந்தார். குடியேறிய சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம்முள்ளே மணஞ்செய்து வந்தமையே இதற்குக் காரணம். ஆனால், நேயர்களே, வியப்பு அந்தக் கணக்கில் இல்லை. காது கேட்போரும் அங்கே சைகைமொழி பயின்றிருந்தனர். மீனவர் படகுக்குப் படகு கையாற் பேசினர். கடைத்தெருவிலும் அதுவே வழங்கியது. இன்னார் காது கேளாதவரா என்று பிற்காலத்தில் வினவியபோது, முதியோர் சற்று யோசித்தே விடை கூற வேண்டியிருந்ததாம்!

தொலைபேசியாற் புகழ்பெற்ற கிரகாம் பெல் 1880களில் அத்தீவை ஆராய்ந்தார். அவர் தேடியது செவிப்புலக் குறையின் காரணத்தை, சைகைகளையன்று. இதற்கிடையில் தீவின் பிள்ளைகள் 1817 இல் ஹாட்ஃபோர்ட் நகரில் நிறுவப்பட்ட பாடசாலைக்குச் சென்று, பிற இடத்துச் சைகைகளைக் கற்று, வெளியூரில் மணமுடித்தனர். கல்வி அவர்களுக்கு நன்மையே செய்தது. அவர்தம் ஊர்மொழிக்குத்தான் செய்யவில்லை. அதை இயல்பாய்ப் பேசிய செவிப்புலனற்றோருள் கடைசியானவர் 1952 இல் மறைந்தார். நோரா குரோஸ் என்னும் மானிடவியலாளர் அத்தீவின் கதையை 1985 இல் நூலாக்கியபோது, காது கேட்கும் முதியோரின் நினைவே அவருக்குச் சான்றாயிற்று. மொழியிலிருந்து மீண்டவை சில சைகைகளே.

இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள பெங்காலா என்னுங் கிராமத்துக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. 1995 இல் வெளியான ஆய்வொன்றின்படி அங்கு 2,185 பேரில் 47 பேர் செவிப்புலனற்றோர். அவர்தம் மொழி கத்தா கொலொக். ஊராரிற் பலரும் அதை அறிவர். அங்கும் இளையோர் வெளியூர்ப் பாடசாலைக்குச் செல்வதும், வெளியூரில் மணமுடிப்பதும் தொடங்கிவிட்டன. ஆயினும் கொனி டி வொஸ் என்னும் மொழியியலாளர் அங்கு சென்று, உரையாடல்களைப் படம்பிடித்து, 2012 இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

அம்மொழியின் இயல்பொன்று நோக்கத்தக்கது. ஒரு வீட்டைக் குறிப்பவர், அவ்வீடு மெய்யாகவே இருக்குந் திக்கை நோக்கி விரல் நீட்டுகிறார். பொழுதைச் சொல்பவர், அந்நேரத்தில் ஞாயிறு நிற்கும் இடத்தை வானிற் காட்டுகிறார். ஆகவே அதனைப் பதிவுசெய்வதற்குப் படப்பெட்டி மட்டும் போதாது. ஒவ்வொரு பதிவுடனும், பேசியவர் எவ்விடத்தில் எத்திசை நோக்கி அமர்ந்திருந்தார் என்பதையுங் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பின்றேல், பின்னாளிற் படத்தைக் காண்பவருக்கு நீட்டிய விரல் தெரியும். அது சுட்டிய வீடு தெரியாது.